கடல் கொண்டதும் கொள்ளாததும்: நம் கடலோர ஊர்களும் திருச்சபை வரலாறும்

கடலைக் காணவேண்டும் என்னும் விருப்பம் உள்நாட்டில் வாழ்வோர்க்கு இயல்பானது. கோடை விடுமுறையிலும் கிறிஸ்து பிறப்புத் திருநாளை அடுத்த நாட்களிலும் நம் சபைகளின் வாலிபர் சங்கத்தாரும் பெண்கள் ஐக்கியத்தாரும் ஓய்வுநாட் பள்ளிப் பிள்ளைகளும் பேருந்து அமர்த்திக்கொண்டு கடற்கரை ஊர்களுக்குப் புறப்படுகின்றனர். எவ்வூருக்குச் செல்வது என்னும் வினாவைப் பெரும்பாலும் குருவானவரிடமே கேட்கின்றனர். அழகு ஒன்றே அளவுகோலாயின் விடை எளிது. முக்கடல் கூடும் கன்னியாகுமரியும், அலைவந்து மோதும் திருச்செந்தூரும், பாறைகள் சூழ்ந்த முட்டமும் எவர் மனத்தையும் கவரும். ஆயின், குருவானவரும் இறையியல் மாணவரும் அழகோடு நின்றுவிடல் ஆகாது. நம் நாட்டுக் கடற்கரையில் கற்கோட்டையும் கல்லறையும் ஆலயமும் அழிந்த துறைமுகமும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அவை நம் திருச்சபை வரலாற்றின் ஏடுகள். படிக்கத் தெரிந்தோரை எதிர்நோக்கிக் கிடக்கும் ஏடுகள்.

அவ்வேடுகளைப் படிப்பதற்கு இரண்டு வினாக்கள் போதுமானவை. இவ்வூரில் கடலும் காலமும் கொண்டுபோனது எது? கொண்டுபோக இயலாமல் விட்டுச் சென்றது எது? இவ்விரு வினாக்களோடு சில ஊர்களை வரிசையாகக் காண முற்படுவோம். இவற்றிற்கு நாம் காணும் விடை இன்றைய நம் ஊழியத்தையும் தொடுவதாகும்.

கரிசலும் கடலும்

நம் பயணத்தைக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்தே தொடங்குவோம். திருக்கருவை எனப் பழந்தமிழ் நூல்களில் பெயர்பெற்ற இவ்வூர், பால்வண்ணநாதர் கோயிலாலும் பிற்காலப் பாண்டியராலும் புகழெய்தியது. இன்று தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் அமைந்துள்ளது. மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கரிசற் காடும் சூழ்ந்த இவ்வூருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. இப்பகுதியில் பெய்யும் மழைநீர் நிட்சேப நதி வழியே வைப்பாற்றில் சேர்ந்து, தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. ஆறு கடலொடு கூடுமிடத்தில் வைப்பாறு என்னும் பெயருடைய பரதவர் ஊர் ஒன்று இன்றும் உள்ளது.

நீர் சென்ற திசையிலேயே பொருளும் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் வட திருநெல்வேலிக் கரிசற் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவே கப்பலேறியது. 1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை போடப்பட்டபோது இவ்வணிகம் மேலும் பெருகிற்று. மறுதிசையில் உப்பும் கருவாடும் கரிசலுக்கு வந்தன. அவ்வழியிலேயே, ஆனால் நேராக அன்று, பல வளைவுகளோடு, நற்செய்தியும் கடற்கரையினின்று உள்நாட்டிற்கு வந்து சேர்ந்தது. ஆகவே, கரிசல் நிலத்துச் சபையார் கடலோரம் செல்லும்போது தங்கள் வழியின் தலைப்பிற்கே செல்கின்றனர் எனலாம்.

கொற்கை, காயல், புன்னைக்காயல்

முதலில் காணத்தக்கது கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாகச் சங்கப் பாடல்களும் கிரேக்க வணிகக் குறிப்புகளும் போற்றிய இப்பேரூர் இன்று கடற்கரையில் இல்லை. தாமிரபரணி சுமந்து வந்த வண்டல் ஆற்றின் வாயைத் தூர்த்தது. கடல் கிழக்கே விலகிற்று. கொற்கை வயல்கள் சூழ்ந்த சிற்றூராயிற்று. அதன் வாழ்வு காயலுக்குச் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ சிறப்பித்து எழுதிய துறைமுகம் அக்காயலே. பின்னர் அதனையும் கடல் கைவிட்டது, புன்னைக்காயல் எழுந்தது. கொற்கையையும் காயலையும் அகழ்ந்து ஆராய்ந்து, ஆற்று வண்டலால் துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இடம்பெயர்ந்த வரலாற்றை 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் விளக்கியவர் கால்டுவெல் அத்தியட்சர் ஆவார்.

கடல் ஊரை விழுங்குவதையே கடல்கோள் என்று தமிழ் மரபு கூறும். கொற்கையிலோ கடல் விலகிச் சென்றதே அழிவிற்குக் காரணமாயிற்று. நெருங்கி வந்தும் விலகிச் சென்றும் கடல் ஊர்களை அழிக்கவல்லது என்பதை இங்கு நாம் கற்கிறோம்.

இனிப் புன்னைக்காயலுக்கு வருவோம். தாமிரபரணியின் கழிமுகத்தில் அமைந்த இச்சிறு மீனவர் ஊரைச் சுற்றுலா நூல்கள் பெரிதாகக் கூறுவதில்லை. ஆயினும், தமிழ்க் கிறிஸ்தவ இலக்கிய வரலாற்றில் இதற்கு முதலிடம் உண்டு. முத்துக்குளிக்கும் உரிமைபற்றி எழுந்த பூசல்களால் நெருக்குண்ட பரதவர், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் அவர்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், பெயரளவில் கிறிஸ்தவராயிருந்தும் போதனை பெறாதிருந்த மக்களையே கண்டார். அவர்களுடைய மொழியில் போதிப்பார் இல்லாமையே அதற்குக் காரணம். எனவே, அவர் தமிழறிந்தோர் துணையுடன் அடிப்படை மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனனம் செய்துகொண்டு, ஊர் ஊராகச் சென்று கற்பித்தார்.

சவேரியார் தொடங்கியதை நிலைநிறுத்தியவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். நூலொன்றின் முகப்பில் அண்டிறிக்கிப் பாதிரியார் என்று குறிக்கப்படும் இவர், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கரையில் உழைத்து 1600இல் மறைந்தார். தமிழை இலக்கண முறைப்படி கற்ற முதல் ஐரோப்பியருள் ஒருவர்; கற்றதை இலக்கணமாக எழுதிவைத்தவர். இவர் தமிழில் தந்த தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்தியாவில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சாகி இன்றளவும் எஞ்சியுள்ள முதல் நூல் அதுவே. 1586இல் அடியார் வரலாறு இக்கரையிலேயே அச்சேறியது. இப்பணிக்குப் பரதவர் பொருளுதவி செய்தனர். மருத்துவமனை ஒன்றும் புன்னைக்காயலில் அவர்களின் கொடையால் நடந்தது.

போர்த்துக்கீசியர் புன்னைக்காயலில் அமைத்த கோட்டை இன்று இல்லை. அவர்களுடைய கப்பல்களும் கடலாட்சியும் மறைந்தன. மீனவர் ஈந்த பொருளால் அச்சான தமிழ் நூலோ நிலைத்தது. தமிழில் அச்சு என்றதும் தரங்கம்பாடியையே நினைத்துப் பழகிய சீர்திருத்தச் சபையாராகிய நாம், அதற்கு 130 ஆண்டுகளுக்கும் முந்திய இம்முயற்சியைப் புன்னைக்காயலின் ஆற்றுமுகத்தில் நின்று நினைவுகூர்தல் தகும்.

மணப்பாடு

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தை அடுத்துள்ள மணப்பாடு, இக்கரையில் மிக அழகிய ஊர் எனலாம். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றும், அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயமும், ஒருபுறம் அமைதியான கழியும் மறுபுறம் அலைமோதும் கடலும் காண்போரை வியப்பிலாழ்த்தும். புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமி ஒருவர் உடைந்த பாய்மரத்தால் சிலுவை செய்து இக்குன்றில் நாட்டினார் என்பது மரபு. ஆலயம் 1581இல் கட்டப்பட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 14ஆம் நாள் நடைபெறும் திருவிழாவிற்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். குன்றின் அடியில், சவேரியார் தங்கிச் செபித்ததாகக் கூறப்படும் குகை உள்ளது. அவருக்கு முன் அதில் இந்துத் துறவியர் தங்கியிருந்தனர் என்பர்.

இக்குகையில் சற்று நேரம் அமர்ந்திருப்பது நன்று. ஒரு மரபினர் தவம் செய்த இடத்திலேயே மற்றொரு மரபினர் செபித்தனர். தமிழ் மண்ணில் கிறிஸ்தவம் வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை. ஏற்கெனவே இறைவனைத் தேடிய மக்களிடையே அது வந்தது என்பதற்கு இக்குகை சான்று.

மணப்பாட்டின் அயலூராகிய குலசேகரன்பட்டினமும் ஒரு காலத்தில் சிறந்த துறைமுகம். 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அங்கு விண்கல ஏவுதளம் ஒன்றிற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாய்மரங்கள் நின்ற கரையில் இனி ஏவுகலங்கள் எழும். இம்மாற்றங்களுக்கிடையே கட்டுமரமும் வள்ளமும் வலையும் கொண்டு வாழ்வோரின் கடலுரிமை என்னாகும் என்பது அங்குச் செல்வோர் கேட்டறிய வேண்டிய செய்தியாகும்.

தூத்துக்குடி

தூத்துக்குடிக்கு வரும்போது நம் மரபின் வரலாற்றில் மகிழ்ந்து கூறவியலாத ஓர் ஏட்டைப் புரட்டுகிறோம். 1658இல் ஒல்லாந்தர் இந்நகரைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி, கத்தோலிக்கக் குருமாரை நகரினின்று வெளியேற்றியது, ஆலயங்களைத் தன்வயமாக்கிற்று. கம்பெனியின் குருவாகிய பிலிப்பு பால்டேயஸ், பரதவரைச் சீர்திருத்தச் சமயத்திற்குக் கொணர முயன்றார். அம்முயற்சி கைகூடவில்லை. மக்கள் நகருக்கு வெளியே சென்று தங்கள் குருமாரைக் கண்டு அருட்சாதனங்களைப் பெற்றனர். தம் தோல்வியை மறைக்காமல் தம் நூலில் எழுதிவைத்த நேர்மை பால்டேயஸுக்கு உண்டு.

இதே கம்பெனி, 17ஆம் நூற்றாண்டின் இடையில் திருச்செந்தூர்க் கோயிலைப் பிடித்துச் சிலைகளைக் கொண்டுசென்றதும் இக்கரையின் வரலாறே. ஆலயமாயினும் கோயிலாயினும் கம்பெனிக்கு அது பேரம்பேசும் பொருளாகவே இருந்தது.

இன்று தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் இரண்டு ஆலயங்களைக் காணலாம். ஒன்று பனிமய அன்னை ஆலயம். இது 1713இல் எழுந்தது. ஆண்டைக் கவனித்தல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, அவர்கள் அழிக்க முயன்ற சமயத்தாரின் ஆலயம் கட்டப்பட்டது! மற்றொன்று, 1750இல் ஒல்லாந்தர் தங்களுக்கென்று கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம். இன்று அது தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தது. 1825இல் ஒல்லாந்தர் ஆட்சி முற்றிலும் நீங்கிற்று. ஏறத்தாழ 165 ஆண்டுகள் தொடர்புகொண்டிருந்தும் அவர்கள் இக்கரை மக்களிடையே ஒரு சபையை உருவாக்கிச் செல்லவில்லை. அழகிய கட்டடத்தையும் கல்லறைக் கற்களையும் விட்டுச் சென்றனர்.

இதற்கு இணையான செய்தி கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் உண்டு. அங்கு ஒல்லாந்தர் ஆட்சியில் பதவியும் உரிமையும் பெறத் திருமுழுக்கு ஒரு வாயிலாயிற்று. சபைப் பதிவேடுகளில் பெயர்கள் பெருகின. 1796இல் அவர்கள் ஆட்சி முடிந்ததும் அப்பெயர்களுக்குரியோர் பெரும்பாலும் தத்தம் பழைய சமயங்களுக்கே திரும்பினர். ஆட்சியின் நிழலில் முளைத்தது ஆட்சியோடே உலர்ந்தது. அதிகாரமும் ஆதாயமும் காட்டிச் சேர்க்கப்படும் கூட்டத்தைத் திருச்சபை என்று எண்ணும் சோதனை எக்காலத்திலும் உண்டாதலால், தூத்துக்குடிக் கடற்கரைச் சாலை இறையியல் மாணவர் நடந்து பார்க்க வேண்டிய வீதியாகும்.

தரங்கம்பாடி

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தரங்கம்பாடி செல்வது நெடும்பயணம். எனினும், நம் சபையார் வாழ்நாளில் ஒருமுறையேனும் காணவேண்டிய ஊர் இது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள இவ்வூரில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அதனருகே, தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுபெற்று 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய டேன்ஸ்பர்க் கோட்டை நிற்கின்றது.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றி புளூட்சோ ஆகிய இருவரும் இங்கு வந்திறங்கினர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய இவர்களைக் கம்பெனி அதிகாரிகள் விரும்பவில்லை. சீகன்பால்க் ஐயர், பள்ளிச் சிறுவரோடு மணலில் அமர்ந்து விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1707இல் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றோர் டேனியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர் ஐவர். ஏழைக் கைம்பெண் ஒருவரின் வழக்கில் தலையிட்டதை முன்னிட்டு எழுந்த பகையால், 1708ஆம் ஆண்டின் இறுதியில் தளபதி ஹாசியஸ், சீகன்பால்க் ஐயரை டேன்ஸ்பர்க் கோட்டையிலேயே சிறைவைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் அங்கிருந்தார்.

கோட்டையைக் காண்போர் இச்செய்தியை மறத்தலாகாது. நற்செய்தியாளரைக் காத்தது கோட்டை என்று பொதுவாக எண்ணுவர். இங்கோ கோட்டை அவருக்குச் சிறையாயிற்று. ஐரோப்பியர் கொடி, கிறிஸ்தவ ஊழியம் என்னும் இரண்டும் ஒன்றே எனக் கூறுவோர்க்கும், அவற்றிடையே எவ்விதத் தொடர்புமே இல்லை எனக் கூறுவோர்க்கும் இக்கோட்டை ஒருசேர மறுப்புரைக்கின்றது. மன்னர் அனுப்பியதனால் அவர் வந்தார். மன்னரின் ஆட்களாலேயே அடைக்கப்பட்டார்.

1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரியனவாயிருந்து தாளை மிகுதியாகக் கொண்டமையால், சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. அயலூராகிய பொறையாறில் காகிதப் பட்டறையும் எழுந்தது. 1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயின. புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் நேர்ந்தளிக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் சீகன்பால்க் ஐயர் 36 வயதில் இறந்து அவ்வாலயத்திலேயே அடக்கம் பெற்றார்.

இனி நாம் குறிக்க விரும்பும் செய்தி ஒன்றுண்டு. தஞ்சை நாட்டிற்குள் செல்ல மிஷனெரிமாருக்கு அக்காலத்தில் இசைவில்லை. ஆனால், அச்சிட்ட புத்தகம் ஒன்று சென்றது. தஞ்சைப் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் என்பவர் தமிழில் அச்சான நற்செய்தி நூலைப் படித்துத் தெளிந்து, தரங்கம்பாடியாரோடு தொடர்புகொண்டு 1728 முதல் உபதேசியாராக உழைத்தார். 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், கடலூரிலிருந்து வந்த ஆரோன், சீர்திருத்தத் திருச்சபையின் முதல் தமிழ்க் குருவானவராக அபிஷேகம் பெற்றார். 1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விலைபேசி விற்றுச் சென்றனர். கோட்டை இன்று அருங்காட்சியகம். தமிழ்த் திருமறையும் தமிழ்க் குருத்துவமும் எவராலும் விற்கப்படவில்லை.

தேரி நிலத்தில் இருந்து கரிசலுக்கு

தரங்கம்பாடிக் கரையில் தொடங்கியது திருநெல்வேலியை அடைந்த வழியும் கருதத்தக்கது. தரங்கம்பாடி மிஷனைச் சார்ந்து வந்து பின் தஞ்சையில் நிலைத்த சுவார்ட்ஸ் ஐயர், 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். குளோரிந்தா அம்மையார் அவ்வாண்டில் திருமுழுக்குப் பெற்று, அங்கு ஆலயம் எழக் காரணராயினார். 1790இல் குருவாக அபிஷேகம் பெற்ற சத்தியநாதன் ஐயரும், தேரி நிலத்தில் அலைந்துழைத்த தாவீது சுந்தரானந்தமும் பனைத்தொழிலாளரிடையே சபைகளை நாட்டினர். 1799இல் முதலூர் உருவாயிற்று. பின்னர் மெஞ்ஞானபுரமும் நாசரேத்தும் இடையன்குடியும் சிறந்தன. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயர் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம், 30 ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பிற்குப் பின் 1880இல் நேர்ந்தளிக்கப்பட்டது.

இடையன்குடி கடலுக்கு அண்மையிலுள்ள ஊர். சில கல் தொலைவில் உவரி என்னும் பரதவர் ஊர் இருக்கின்றது. மெஞ்ஞானபுரத்து ஆலயக் கோபுரத்திற்கும் மணப்பாட்டுக் குன்றிற்கும் இடையே உள்ள தொலைவும் மிகுதியன்று. எனினும், தேரியிலுள்ள சீர்திருத்தச் சபைகளும் கரையிலுள்ள கத்தோலிக்கச் சபைகளும் ஒரே ஆண்டவரை அறிக்கையிட்டும் ஒன்றையொன்று அறியாதனபோல் நெடுங்காலம் வாழ்ந்தன. சாதி வேறு, தொழில் வேறு, வழிபாடு வேறு. இவற்றைக் கடந்து பேசிக்கொள்ளும் தேவையை அவை உணரவில்லை. 1995இல் இரு சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தமை, இத்தொலைவைக் குறைத்த முயற்சிகளுள் ஒன்று.

தேரி நிலத்துச் சபைகள் அடுத்து வடக்கே நோக்கின. 1854இல் தாமஸ் ராக்லாந்து ஐயர் சிவகாசியை நடுவாகக் கொண்டு, கூடாரங்களில் தங்கி, வட திருநெல்வேலிக் கரிசல் ஊர்களில் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். தெற்கிலிருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் காணிக்கையால் உபதேசிமாரை முறைவைத்து அவருக்குத் துணையாக அனுப்பின. 1858இல் ராக்லாந்து ஐயர் சிவகாசியில் மறைந்தார். அம்முறை ஊழியத்தில் வந்து சென்ற உபதேசிமாரின் பெயர்களை நம்மில் யார் அறிவர்? கல்லில் பொறிக்கப்பட்ட ஐரோப்பியர் பெயர்களைக் கடலோரத்தில் வாசிக்கும் கரிசல் நிலத்துச் சபையார், தங்கள் முன்னோர்க்கு நற்செய்தி உரைத்த நாவுகள் தமிழ் நாவுகளே என்பதை நினைத்தல் வேண்டும். பனையேறிக் கிடைத்த கூலியில் ஒரு பகுதி அந்த உபதேசிமாரின் வழிச்செலவாயிற்று.

ஆழிப்பேரலையின் பின்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பிற்கு மறுநாட்காலை எழுந்த ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தரங்கம்பாடி அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன் மீனவர் குடியிருப்பு பேரழிவுக்குள்ளாயிற்று. வேளாங்கண்ணியில் திருநாளுக்கு வந்த திருப்பயணியர் பலர் அலையில் மறைந்தனர். குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்கள் சிதைந்தன. இதற்கு 40 ஆண்டுகளுக்கு முன், 1964 டிசம்பர்த் திங்களில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததையும், கூரையற்ற ஆலயச் சுவர்கள் அங்கு இன்றும் நிற்பதையும் இதனோடு எண்ணலாம்.

கடலோர ஊர்களை அழகிய காட்சிகளாக மட்டும் காணும் கண்ணிற்கு இவ்வழிவு தென்படாது. சுற்றுலாப் பயணியர்க்குக் கரையென்பது மணல்; பரதவர்க்கோ அது வலை உலர்த்தும் களம், மீன் ஏலமிடும் சந்தை, இறந்தோர்க்காகக் காத்து நிற்கும் முற்றம். ஆழிப்பேரலைக்குப் பின் கடலைவிட்டு விலகிக் குடியமருமாறு கூறப்பட்ட மீனவர், தாங்கள் விட்டுச்சென்ற கரை விடுதிகளுக்கும் பிறர்க்கும் போகுமோ என்று அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றதன்று. அழகிய கரைகளைத் தேடிச் செல்வோரின் கூட்டம் பெருகப் பெருக, அக்கரையின் உரியோர் பின்தள்ளப்படுதல் உலகெங்கும் நிகழ்வதே. நம் சபைச் சுற்றுலாக்களும் அக்கூட்டத்தின் ஒரு பகுதி என்பதை மறவாதிருப்போமாக.

சபையாரை அழைத்துச் செல்லும் குருவானவர்க்கு

இவற்றைக் கருத்திற்கொண்டு பயணம் வகுக்கும் குருவானவர்க்குச் சில கூறுவோம். சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து புறப்படுவோர், ஒருநாட் பயணமாயின் கொற்கை, புன்னைக்காயல், தூத்துக்குடி ஆகிய மூன்றையும் காணலாம். இரண்டு நாட்களாயின் திருச்செந்தூர், மணப்பாடு, மெஞ்ஞானபுரம், இடையன்குடி, உவரி என்று தெற்கே தொடரலாம். தேரி நிலத்து ஆலயத்தையும் கரை நிலத்து ஆலயத்தையும் ஒரே நாளில் காண்பது பயன் மிக்கது. கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் குருவானவர்க்கு முன்னரே மடல் எழுதி, அவ்வூர்ச் சபையாரோடு அரைமணி நேரம் உரையாட இடங்கேட்டல் நன்று. கல்லறைக் கற்களைப் பார்க்கும் நேரத்தில் ஒரு பகுதியேனும் உயிரோடிருப்போரைக் காண்பதற்கு ஒதுக்குதல் வேண்டும்.

பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் இரு ஆலயங்களின் ஆண்டுகளையும் அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யலாம். தரங்கம்பாடிக்குச் செல்வோர் கோட்டைக்கும் புதிய எருசலேம் ஆலயத்திற்கும் செல்வதோடு, கடலால் உண்ணப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் முன்னும் சற்று நிற்பாராக. பிறர் வழிபாட்டிடத்தின் அழிவைக் கண்டு வருந்தத் தெரியாத நெஞ்சம் தன் வரலாற்றையும் செம்மையாகக் கற்கவியலாது.

முடிவுரை

நாம் கண்ட ஊர்களிலெல்லாம் ஒரே செய்தி மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. போர்த்துக்கீசியர் கோட்டை, ஒல்லாந்தர் பண்டகசாலை, டேனியர் கொத்தளம் ஆகியவற்றைக் கடலோ காலமோ கொண்டது. அவற்றின் துணையால் மட்டும் நின்ற சமயமும் அவற்றோடே சென்றது. மணலில் எழுதிக் கற்ற தமிழ், பரதவர் பொருளால் அச்சான நூல், படைவீரர் ஒருவர் தனியே படித்த நற்செய்தி, பனையேறிகளின் காணிக்கை, பெயரறியா உபதேசிமாரின் நடை ஆகியவற்றை அலைகள் கொள்ளவில்லை.

இது பழங்கதையாக நின்றுவிடின் பயனில்லை. இன்றும் நம் சபைகள் பெருங்கட்டடங்களிலும் அதிகாரத்தாரின் ஆதரவிலும் நம்பிக்கை வைக்கும் சோதனைக்கு உட்பட்டே உள்ளன. நம் ஆண்டவர் தம் முதற் சீடரைக் கலிலேயாக் கடலோரத்து மீனவரிடையே கண்டார். அவர்கள் வலைகளை விட்டு எழுந்தபோது கையில் கொண்டு சென்றது ஒன்றுமில்லை. கரிசல் நிலத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் நம் சபையார் அக்கரையில் அத்தகைய மனிதரை இன்றும் காணலாம். அவர்களைக் கண்டு, பேசி, அவர்கள் வாழ்வும் தங்கள் வாழ்வும் ஒரே ஆற்றால் இணைந்தவை என்று அறிந்து திரும்புவாராயின், அப்பயணம் செலவிட்ட பொருளுக்கும் நாளுக்கும் தகுதியுடையதாகும்.